பாதி சந்தோசம்

கூலி விஷயத்தில் நான் ஒருவருக்கும் குறை வைத்தவள் இல்லை. கொழும்பு கொட்டாஞ்சேனையில் நாற்பது வருசம் பிளவுஸ் தைத்தேன். கூலியைக் குறைக்கச் சொன்னவர்களுக்குத் துணியை மடித்துக் கையில் கொடுத்து அனுப்பினேன். எனக்கு வேலை செய்தவர்களிடம் நானும் பேரம் பேசினதில்லை. அந்தப் பெருமையால்தான் ஒரு பெரிய வழக்கையே கவிழ்க்கப் பார்த்தேன் என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன். (மகள் சுகந்தி இதை ஒப்புக்கொள்ளச் சொல்லி ஆறு வருசமாய் நிற்கிறாள்.)

என்னவர் போன பிறகு வீட்டை விற்று, வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் வரப்போகிற அடுக்குமாடியில் ஒரு வீட்டுக்குக் காசு கட்டினேன். கட்டினது நான் மட்டும்தான். கம்பெனிக்காரன் ஒன்றும் கட்டவில்லை. எட்டுத் தூண் நிற்கிறது, காகம் இருக்கிறதுக்கு. என்னைப் போல ஏமாந்தவர்கள் ஒரு மண்டபம் நிறைய. அரசாங்கமே வழக்குப் போட்டது. நானோ சுகந்தி வீட்டில் ஒரு அறையில்.

புதுக்கடை நீதிமன்றத்தில் எங்கள் பக்கம் பேசினது அரசாங்க லோயர், முப்பது வயதுச் சிங்களப் பிள்ளை. மிஸ் என்போம். மற்றப் பக்கத்தில் நாலு லோயர்மார். அவர்களுக்குப் பைல் தூக்க ஆள், தண்ணிப் போத்தல் பிடிக்க ஒரு ஆள். மிஸ் பதினொரு பைலையும் சின்ன வண்டிலில் கட்டித் தானே இழுத்து வருவாள். படியில் தானே தூக்குவாள். கறுப்புக் கவுணில் கக்கத்துத் தையல் விட்டிருந்தது. தையல்காரியின் கண் வேறெங்கே போகும்.

நீதிமன்றத்து நீள வாங்கில் என் பக்கத்தில் இருக்கிறவர் ஒரு ஹாஜியார். வெள்ளவத்தையில் கடை வைத்திருக்கிறவர், அவரும் காசு கட்டினவர்.

"அக்கா, அந்தப் பெரிய லோயர் ஒருக்கா எழும்பி நிக்க எவ்வளவு எடுக்கிறார் தெரியுமா?" என்று தொகையைக் காதுக்குள் சொன்னார்.

"எங்கட மிஸ்ஸுக்கு?"

"தனியா பீஸ் ஒண்டும் இல்லயாம். மாசச் சம்பளம் மட்டும்தான்."

அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. என் பாரத்தைத் தூக்குகிற பிள்ளைக்கு அதுக்கென்று கூலி இல்லையாம். சரி, நானே போடுகிறேன் என்று இருந்தேன். எனக்குத் தெரிந்த கணக்கு தையல் கணக்குத்தான். ஒரு பைல் படிக்கிற நேரத்தில் லைனிங் வைத்த பிளவுஸ் இருபது தைக்கலாம். பதினொரு பைலுக்கு இருநூற்றி இருபது பிளவுஸ். (ஊக்கு, பட்டன் சேர்க்கவில்லை.) அதன் கூலியில் பாதியைப் பிள்ளையார் படம் போட்ட கலியாணக் கவரில் வைத்தேன். பாதி அட்வான்ஸ், மிச்சம் வேலை முடிய. தையலில் அதுதான் முறை. கவரின் பின்னால் என் பேரையும் விலாசத்தையும் எழுதினேன். எனக்கு எழுத்து ஓடாது, அதுக்கே கால் மணித்தியாலம் போனது.

வழக்கின் அடுத்த தவணை நாளில், நீதிமன்ற விறாந்தையில், எல்லோருக்கும் முன்னால் கவரைப் பைல் கட்டின் மேல் வைத்தேன். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன்:

"மிஸ், மே சந்தோசம். தென் பாகய். நடுவ இவர உணாம அனித் பாகய."

இது என் சந்தோசம், இப்போது பாதி, வழக்கு முடிய மற்றப் பாதி. அவ்வளவுதான் நான் சொன்னது. மிஸ்ஸின் முகத்தில் இரத்தம் இல்லை. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றாள். "அம்மே, ஏக்க கன்ன, ஏக்க கன்ன" என்றாள். எடுங்கோ, எடுங்கோ என்று. பிள்ளை வெட்கப்படுகிறாள் என்று நினைத்து இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தேன்.

தண்ணிப் போத்தல்காரர் பார்த்துக்கொண்டு நின்றார்.

நீதிபதி வந்ததும் பெரிய லோயர் எழும்பினார். (அதுக்கு எவ்வளவோ.) முறைப்பாட்டுக்காரர் அரசாங்க லோயருக்கு லஞ்சம் கொடுக்கிறார்கள் என்றார். விசாரணை முடியும்வரை மிஸ் வழக்கில் நிற்கக்கூடாது என்றாகி, வழக்கை மூன்று மாதம் தள்ளித் தவணை போட்டார்கள். மண்டபம் நிறைந்த சனம் திரும்பி என்னைப் பார்த்தது. ஹாஜியார் மட்டும் மெல்லச் சொன்னார், "அக்கா, ஒரு வார்த்தை கேட்டுட்டுச் செஞ்சிருக்கலாமே." அது இன்னும் நெஞ்சில் கிடக்கிறது. எனக்காகப் பாரம் இழுத்த பிள்ளையின் வேலைக்கே நான் உலை வைத்திருந்தேன்.

விசாரணைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் பெரிய அதிகாரி, நடுவில் தமிழில் மாற்றிச் சொல்ல ஒரு ஐயா.

"சந்தோசம் எண்டு என்ன கருத்தில சொன்னீங்கள்?"

"சந்தோசம் எண்ட கருத்திலதான்."

"அம்மா, சிங்களத்தில மேசைக்குக் கீழால குடுக்கிறதுக்குத்தான் அந்தப் பேர்."

"நான் மேலதான் வைச்சனான். பின்பக்கம் பாருங்கோ, பேரும் விலாசமும் இருக்கு."

அதிகாரி கவரைத் திருப்பினார். பிள்ளையாரைப் பார்த்தார், என் எழுத்தைப் பார்த்தார், பேனையைக் கீழே வைத்தார். பிறகு, அரசாங்க லோயருக்குச் சம்பளம் உண்டு, வழக்குக்கு வழக்கு பீஸ் கிடையாது என்று விளங்கப்படுத்தினார்.

"பதினொரு பைலுக்கும் வேறா ஒண்டும் இல்லையோ?"

"இல்லை."

"மற்றப் பக்கத்தில தண்ணிப் போத்தல் பிடிக்கிறவருக்கும் கூலி இருக்கு. அப்ப நீங்கள் விசாரிக்க வேண்டியது என்ரை கவரை இல்லை, ஐயா."

நடுவில் இருந்தவர் அதையும் அப்படியே மாற்றிச் சொன்னார். அதிகாரி பேனையைத் திரும்ப எடுத்தார். நான் சொன்னதை எழுதினார். வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுத்தான் கையெழுத்து வைத்தேன். (கைநாட்டு இல்லை. கையெழுத்து.)

என்னை எச்சரித்து, கவரில் முத்திரை குத்தித் திருப்பித் தந்தார்கள். அடுத்த தவணைக்கு வண்டில் சத்தம் கேட்டது. மிஸ்தான். நான் அன்றைக்கு வாங்கில் இருந்தபடியே அழுதேன்.

தீர்ப்பு வர இன்னும் வருசங்கள் போயின. கம்பெனிக்காரன் உள்ளே போனான். வீடு வரவில்லை, காசில் ஒரு பங்கு வந்தது. தீர்ப்பு அன்றைக்கு விறாந்தையில் மிஸ் என்னிடம் வந்தாள். தமிழில் ஒரு வசனம் பாடமாக்கி வைத்திருந்தாள். சொல்லிக்கொடுத்தது ஹாஜியார்.

"அம்மா, எனக்கு மிச்சம் சந்தோசம்."

ஹாஜியார் ஆட்களின் பேச்சில் மிச்சம் என்றால் நிறைய. என் காதில் விழுந்தது பாக்கிப் பாதி. பக்கத்தில் பொலிஸ்காரர் வேறு. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். மிஸ் சிரித்துத் தானும் கட்டிக்கொண்டாள். கவுணில் கக்கத்துத் தையல் அப்போதும் விட்டபடிதான் இருந்தது. கறுப்பு நூலும் ஊசியும் என் பையில் இருந்தன. கையை நான் எடுக்கவில்லை.

அதோடு எங்கள் வீட்டில் யார் சந்தோசம் என்று சொன்னாலும் எல்லோர் கையும் முதுகுக்குப் பின்னால் போகும். போன ஆவணியில் சுகந்தியின் மகளுக்குக் கலியாணம். "எல்லாரும் சந்தோசமா நில்லுங்கோ" என்றார் படம் எடுக்க வந்தவர். படத்தில் கலியாணப் பொம்பிளை முதல் முழுக் குடும்பமும் பொலிஸில் பிடிபட்ட மாதிரிக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறோம். விஷயம் தெரியாத மாப்பிள்ளை மட்டும் கையை முன்னால் வைத்திருக்கிறார்.

அவருக்கு வீட்டில் இப்போது பேர் மிச்சம்.