குங்குமம் நாறுமா?

பக்தி உள்ளவன் மீன் வளர்க்கக் கூடாது. வளர்த்தே தீருவேன் என்றால் ஏதோ ஒரு ஏரி மீனோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். கடல் மீனைக் கொண்டுவந்து அதையும் தீர்த்தத்தில் வளர்த்தால் என் கதிதான்.

அரியலூரில் எனக்குப் பூஜை சாமான் கடை. பள்ளிக்கூடத்தை எட்டாவதோடு விட்டேன் (பள்ளிக்கூடம்தான் என்னை விட்டது, மரியாதைக்காக இப்படிச் சொல்லிக்கொள்கிறேன்). எண்பதுகளின் தொடக்கம். கல்யாணமான புதிதில் மனைவி அஞ்சலையோடு ராமேஸ்வரம் போனேன். அவள் கடலைப் பார்த்ததே அன்றுதான். முழுகி எழுந்து கரையேறும்போது ஒருவர் வலையை உதறிக்கொண்டிருந்தார். விரல் நீளத்தில் ஒரு மீன், மஞ்சள் முதுகில் கறுப்புப் பட்டைகளோடு துள்ளியது. குழம்புக்கு ஆகாது என்று அதைத் தூக்கி எறியப் போனார்.

"ஏங்க, இத வூட்டுக்கு எடுத்துக்கிட்டுப் போலாமா?"

புடவை கேட்காதவள், சினிமா கேட்காதவள். கல்யாணமாகி அவள் வாய்விட்டுக் கேட்ட முதல் பொருள் அது. முடியாது என்று எப்படிச் சொல்வேன்? மீனைத் தூக்குவாளியிலும் கடல் தண்ணீரைப் பிளாஸ்டிக் கேன்களிலும் நிரப்பிக்கொண்டு ரயில் ஏறினோம். எதிரே இருந்த பெரியவர் கேன்களையே பார்த்துக்கொண்டு வந்தார். "ஏன் தம்பி, உங்க ஊர்ல உப்பு கெடைக்கலியா?" என்று கேட்டுவிட்டு மானாமதுரையில் இறங்கிப் போனார்.

திருச்சியில் கண்ணாடித் தொட்டியும் காற்று ஊதும் சின்ன மோட்டாரும் வாங்கினேன். அஞ்சலையின் தம்பி கலியபெருமாள் சிமெண்ட் லாரி ஓட்டுகிறவன். சுண்ணாம்புக்கல் குவாரியிலிருந்து நாலு கல் கொண்டுவந்தான். சங்கும் சிப்பியும் கல்லோடு கல்லாய்ப் பதிந்தவை. மீனுக்குச் சொந்த ஊர் நினைப்பு வரட்டுமே என்று உள்ளே போட்டோம். அஞ்சலை மீனுக்குச் சேது என்று பேர் வைத்தாள். சமையலறையிலிருந்து அவள் வந்தால் போதும், கண்ணாடிக்கு ஓடிவந்து அவள் விரலோடு விரலாய் நீந்தும். நான் போனால் கல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும்.

தொட்டியை எங்கே வைப்பது? உள்ளே இருப்பது ராமேஸ்வரம் தீர்த்தம். பூஜை அறையில்தான் வைத்தேன். பக்கத்தில் குத்துவிளக்கு, மேலே டியூப் லைட். சாமிக்கு என்ன படைத்தேனோ அது சேதுவுக்கும் உண்டு. வெள்ளிக்கிழமை சர்க்கரைப் பொங்கல், பிரதோஷத்துக்கு ஒரு கரண்டி பால்.

ஆனி மாதம் ஒரு காலை, கற்களின் மேல் சிவப்பாக ஏதோ படிந்திருந்தது.

"அஞ்சல! குங்குமத்த உள்ள கொட்டிட்டியா?"

"நான் ஏங்க கொட்டுறேன்? பாசி புடிச்சிருக்கும். தண்ணிய மாத்துங்க."

பாசி பச்சையாக இருக்கும் என்பது எனக்குத் தெரியாதா? குங்குமம் விற்கிறவனிடம் வந்து சிவப்பைப் பாசி என்கிறாளே! அவள் துடைத்தாள். மறுநாள் மறுபடி வந்தது. கவனித்துப் பார்த்தேன். இரவில் விளக்கை அணைத்தால் மங்குகிறது; காலையில் வெளிச்சம் பட்டால் பளிச்சென்று எழும்புகிறது. நடை சாத்தினால் மறைந்து, நடை திறந்தால் தரிசனம் தருகிறது! எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

அந்தப் புல்லரிப்பைப் பக்கத்து வீட்டு தனக்கோடி அக்காவிடம் சொல்லியிருக்கக் கூடாது. வந்து பார்த்த அக்கா அப்படியே தரையில் விழுந்தார். "ஆத்தா! தம்பி வூட்டுல குடியேறிட்டியே!" சாயங்காலத்துக்குள் தெருவே வந்துவிட்டது. ஒருத்தர் சொட்டுப் பால் விட்டார், ஒருத்தர் இளநீர் விட்டார், நான் கைகூப்பி நின்றேன். விட விட ஆத்தா செழித்தாள். கல், கண்ணாடி, மோட்டார்க் குழாய் எல்லாம் சிவப்பு வெல்வெட் போர்த்திக்கொண்டன. அக்காவுக்கு அதில் கொஞ்சம் வழித்துத் துளசி இலையில் வைத்து நானே கொடுத்தேன். அவர் பயபக்தியோடு நெற்றியில் இட்டுக்கொண்டார்.

பிறகு வாடை கிளம்பியது. ஊதுவத்தியை இரண்டு மடங்காக ஏற்றினேன் (கடை நம்முடையதுதானே).

"ஏங்க," என்றாள் அஞ்சலை. "குங்குமம் நாறுமா?"

நான் கற்பூரம் ஏற்றினேன்.

சேது இப்போது விரலுக்கு ஓடிவரவில்லை. தண்ணீரின் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. அவள் தொட்டி முன்னால் உட்கார்ந்துகொண்டு சோறு இறங்காமல் கிடந்தாள். தம்பியிடம் சொல்லியிருக்கிறாள். அவன் லாரியில் நாகப்பட்டினம் நடை போனபோது இரண்டு டிரம் கடல் தண்ணீரைக் கொண்டுவந்து கொல்லையில் இறக்கினான்.

"மாமா, பழசக் கொட்டிட்டு இத ஊத்துங்க."

"ராமேஸ்வரம் தீர்த்தத்தக் கொட்டுறதா? நாகப்பட்டினத்துத் தண்ணி அதுக்கு ஈடாகுமாடா?"

"எல்லாம் ஒரே கடலுதான் மாமா. நடுவுல யாரு வரப்பு போட்டாங்க?"

"தீர்த்தத்தச் சாக்கடையில விட்டா குடும்பத்துக்கு ஆகாதுடா."

"அப்ப மீனுக்கு?"

எனக்குக் கோபம் வந்தது. டிரம் கொல்லையிலேயே நின்றது.

ஆடி முதல் வெள்ளி. தெருப் பெண்கள் எங்கள் வீட்டில் விளக்குப் பூஜை வைத்தார்கள். பூஜை அறை, கூடம், வாசல் எல்லாம் பெண்கள். முன்வரிசையில் நெற்றி நிறைய ஆத்தாவோடு தனக்கோடி அக்கா. நான் தீபாராதனை காட்ட, தொட்டிக்குள் அந்தச் சிவப்புப் படலம் குமிழி குமிழியாய் உப்பி, கல்லைவிட்டுக் கழன்று, மெல்ல மேலே எழும்பி வந்தது.

"ஆத்தா எந்திரிச்சிட்டா!" என்று அக்கா கத்தினார். எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நானும்.

அஞ்சலை மட்டும் படலத்துக்குக் கீழே பார்த்தாள். சேது ஒருக்களித்துச் சாய்ந்து கிடந்தது.

அதுவரை நாலு பேர் முன்னால் என் எதிரில் குரல் உயர்த்தாதவள், விறுவிறுவென்று வந்து முழங்கை வரை கையைத் தொட்டியில் விட்டாள். அந்தப் படலத்தை ஈரத்துணி மாதிரி இழுத்து என் தாம்பாளத்தில் போட்டாள். போட்ட வேகத்தில் கிளம்பிய நாற்றத்தை எழுத எனக்குப் படிப்புப் போதாது. வாசல் வரிசை முதலில் கலைந்தது.

"இதாங்க உங்க குங்குமம்! கோயில்ல அபிசேகத் தண்ணி என்னா ஆவுது? சாமி அத உள்ளயே தேக்கியா வெச்சிருக்காரு? கோமுகி வழியா அன்னன்னைக்கு வெளிய அனுப்பிடறாரு இல்ல? சாமியே வெச்சுக்காத பழைய தண்ணியில என் மீனப் போட்டுச் சாவடிக்கிறீங்களே!"

அப்போதே பத்து வருஷமாகக் கோயிலுக்குச் சாமான் கொடுத்துக்கொண்டிருந்தேன். அந்தக் கோமுகியைத் தாண்டித்தான் தினமும் பிரகாரம் சுற்றினேன். ஒரு நாளாவது யோசித்திருப்பேனா?

முன்வரிசையிலிருந்து தனக்கோடி அக்காவின் குரல் கேட்டது. "தம்பி... அப்ப நான் நெத்தியில வெச்சிருக்கறது என்னா?"

நான் தாம்பாளத்தை வைத்துவிட்டுக் கொல்லைக்கு ஓடினேன். டிரம்மை உருட்டி வரத்தான் (அக்காவிடமிருந்து தப்பிக்கவும்தான்). சேதுவைத் தூக்குவாளியில் நாகப்பட்டினத்துத் தண்ணீருக்குக் குடிமாற்றினாள் அஞ்சலை. கற்களைத் தேய்த்துக் கழுவி, தொட்டியைக் கூடத்து மூலைக்குக் கொண்டுபோய், புதுத் தண்ணீரையும் சேதுவையும் விட்டு, வெளிச்சம் படாதபடி சாக்குப் போட்டு இருட்டாக்கினாள். பாலும் பொங்கலும் நின்றன. தீர்த்தத்தைக் கால் படாத இடத்தில் விட வேண்டுமே என்று வேலியோரம் பார்த்து ஊற்றினேன். அது தனக்கோடி அக்காவின் முருங்கை மரத்தடி. உப்புத் தண்ணீரில் மரம் பட்டுப்போனது இன்னொரு பஞ்சாயத்து.

சாக்கை எடுத்த அன்று கல் வெள்ளையாக இருந்தது. அஞ்சலை கண்ணாடியில் விரல் வைத்தாள். சேது ஓடிவந்தது. அவள் அழுதுகொண்டே சிரித்தாள். நான் எட்டிப் பார்த்தேன். அது கல்லுக்குப் பின்னால் போய்விட்டது.

கலியபெருமாள் நாகப்பட்டினம் போகும்போதெல்லாம் டிரம்மும் போனது. எங்கள் மகள் நடை பழகியது சேதுவின் தொட்டியைப் பிடித்துக்கொண்டுதான்.

இன்றும் வீட்டில் நான் எதையாவது கண்டு மெய்சிலிர்த்தால், "மோந்து பாத்தீங்களாப்பா?" என்கிறாள் மகள். அது போகட்டும். கோயிலில் குருக்கள் குங்குமம் கொடுத்தால் என் கை நெற்றிக்குப் போவதற்கு முன்னால் தானாக மூக்குக்குப் போய்விடுகிறது. போன வெள்ளிக்கிழமைகூட அவர் கேட்டார், "என்ன ஓய், விடாத ஜலதோஷமா இருக்கே?"

பின்னால் நின்ற அஞ்சலை சொன்னாள், "ஆமாங்க சாமி. நாப்பது வருசமா."