பதினாலு கல்லிலும் ஒரே கோடு

எதையும் அரைகுறையாகத் தெரிந்துகொள்வதில் எனக்கு ஒரு தனித் திறமை உண்டு. ஒன்றும் தெரியாதவர்கள் வாயை மூடிக்கொண்டிருப்பார்கள். நன்றாகத் தெரிந்தவர்கள் யோசித்துப் பேசுவார்கள். நடுவில் நிற்கிற என்னைப் போன்றவர்கள்தான் ஊரைக் கலக்குவோம். நான் காரைக்குடியைக் கலக்கியது, என் தங்கை வள்ளியின் கல்யாணத்துக்கு வைரத் தோடு பார்த்தபோது.

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. எனக்குக் கல்யாணம் இப்போதைக்கு வேண்டாம் என்று தள்ளிப்போட்டிருந்தேன். வள்ளிக்குப் பள்ளத்தூரில் இடம் முடிவாகியிருந்தது. எங்கள் பக்கம் பெண்ணுக்கு ஏழுகல் தோடு போட்டே ஆக வேண்டும். தோட்டுக்கு ஏழு, ஜோடிக்குப் பதினாலு கல். "கல்லு பாத்துக்கிட்டிருக்கோம்" என்று ஆத்தா போனில் சொன்னதுதான் தாமதம் (அம்மாவை ஆத்தா என்றும் அப்பாவை அப்பச்சி என்றும்தான் கூப்பிடுவோம்), வைரம் பார்ப்பது எப்படி என்று இணையத்தில் மூன்று மணி நேர வகுப்பு ஒன்றில் சேர்ந்துவிட்டேன். வெட்டு, நிறம், சுத்தம், எடை என்று நாலு பாடம். மூன்று பாடம் மறந்துபோனது. கல்லுக்குள் மங்கலாக வெள்ளைக் கோடு தெரிந்தால் அது விரிசல், அதற்கு இறகு என்று பெயர் என்பது மட்டும் ஆணி அடித்த மாதிரி மனதில் நின்றது.

கண்ணில் வைத்துப் பார்க்கும் சின்ன லென்ஸ் ஒன்றும் வரவழைத்தேன். ரயிலில் எதிர் சீட்டு அம்மாளின் மூக்குத்தியை அதில் பார்த்து அபிப்பிராயம் சொன்னேன். (அவர் கேட்கவில்லை.) வழியெல்லாம் அந்த லென்ஸைத் துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டேன். அதற்கு உபயோகப்பட்டது நான் போட்டிருந்த புதுத் துப்பட்டா, கண்ணாடிச் சில்லு வைத்துத் தைத்தது.

எங்கள் வீடுகளில் வைரத்தைப் பார்த்த கையோடு வாங்குவதில்லை. வியாபாரி கல்லைப் பொட்டலமாகக் கொடுத்துவிட்டுப் போவார். அது மூன்று நாள் சாமி அறையில் இருக்கும். அதற்குள் நல்லது நடந்தால் கல் ஒத்துக்கொண்டது என்று அர்த்தம். பால் பொங்கி அடுப்பு அணைந்தால்கூடத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். நான் வந்து இறங்கியது மூன்றாவது நாள். வள்ளிக்குக் கேட்ட ஊருக்கே மாற்றல் கிடைத்திருந்தது, அப்பச்சிக்கு முட்டிவலி குறைந்திருந்தது. ஆத்தாவுக்கு வாயெல்லாம் பல். வியாபாரி வயிரவன் அண்ணன் முடிவு கேட்டு வந்து உட்கார்ந்திருந்தார்.

"ஒரு நிமிஷம்" என்று நான் லென்ஸை எடுத்தேன்.

ஒவ்வொரு கல்லாகப் பார்த்தேன். இருந்தது. மசமசவென்று, ஓரமாக, வெள்ளையாக ஒரு கோடு.

"என்னத்தா?" என்றார் அப்பச்சி.

"விரிசல் அப்பச்சி. பதினாலு கல்லுலயும் இருக்கு."

வயிரவன் அண்ணன் முப்பது வருஷமாக வைரம் விற்கிறவர். சர்டிபிகேட்டை எடுத்து நீட்டினார். "சர்டிபிகேட் யாரு வேணும்னாலும் அடிக்கலாம்ணே" என்றேன். அந்த மனிதர் முகம் செத்துப்போயிற்று. பொட்டலத்தை மடித்துக்கொண்டு போனார். மறுநாள் ரெண்டாவது ஜோடி வந்தது. கோடு. அதற்கு மறுநாள் மூன்றாவது. அதிலும் கோடு. நாட்டில் ஒரு நல்ல வைரம்கூட இல்லையே என்று நான் திகைத்தேனே தவிர, வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

சேதி பரவிவிட்டது. அமராவதிபுதூரிலிருந்து சின்னாத்தா ஒரு பவுடர் டப்பாவில் மோதிரத்தைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறி வந்தாள். கோடு. "இருபது வருசமா என்னய ஏமாத்திப்புட்டாக" என்று திரும்பிப் போனவள், அன்றைக்குச் சித்தப்பாவுக்குச் சோறு போடவில்லை என்று கேள்வி.

கடைசியில் ஆத்தா தன் தோட்டைக் கழற்றிச் சேலையில் துடைத்து என்னிடம் நீட்டினாள். பார்த்தேன்.

"கோடு இருக்கு ஆத்தா."

"கோடா? புள்ளியில்லயா? நல்லாப் பாரு."

"புள்ளியெல்லாம் ஒண்ணுமில்ல. கோடுதான். எனக்குத் தெரியாதா?"

"எங்க அப்பச்சி வாங்கிக் குடுத்தது" என்று மட்டும் முணுமுணுத்துவிட்டு, அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள். காதில் வெறும் தங்கத் தோடு ஏறியது. சரியாகச் சாப்பிடவுமில்லை. எனக்கு வருத்தமாக இருந்ததா என்றால், இல்லை. (உண்மையைச் சொன்னால் நாலு பேருக்கு வலிக்கத்தான் செய்யும் என்று பெருமையாக இருந்தது. நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.)

நான் வந்த நாலாவது நாள் பள்ளத்தூரிலிருந்து சம்பந்தியம்மா வந்தார். வள்ளிக்கு மாமியாராகப் போகிறவர். காபி குடித்து முடிக்கும் வரை எல்லாம் நல்லபடியாகத்தான் போயிற்று. அப்பச்சிதான், பெற்ற பெருமையில், "எங்க மெய்யம்மை கல்லு பாக்கும்" என்று ஆரம்பித்தார். சம்பந்தியம்மா சிரித்துக்கொண்டே தன் தோட்டைக் கழற்றிக் கொடுத்தார். வள்ளி பின்னாலிருந்து என்னைக் கிள்ளினாள். கிள்ளலுக்கு அர்த்தம் புரிகிற அளவுக்கு எனக்கு அன்று புத்தி இல்லை.

"அயித்தை, தப்பா நெனச்சுக்கிறாதீக. பதினாலு கல்லுலயும் விரிசல் இருக்கு."

சம்பந்தியம்மா கையை நீட்டித் தோட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டார்.

"இது எங்க மாமியா எனக்குப் போட்டது. இதைத்தான் உங்க வள்ளிக்குப் போடணும்னு வச்சிருந்தேன்" என்றார் சம்பந்தியம்மா. அப்புறம் தோட்டைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டார். "பழுதுபட்ட கல்லுன்னு சொல்றீக. அப்ப நாங்களும் யோசிச்சுத்தான் சொல்லணும்."

யோசிச்சு. அந்த ஒரு வார்த்தையில் ஆத்தா சுவரைப் பிடித்துக்கொண்டாள். அப்பச்சிக்கு வாய் திறந்தது, மூட வரவில்லை. வள்ளியை நான் ஏறிட்டுப் பார்க்கவில்லை. இந்தப் பையனைத்தான் கட்டுவேன் என்று ரெண்டு வருஷம் வீட்டோடு மல்லுக்கு நின்றவள் அவள்.

அந்த நேரம் பார்த்து வயிரவன் அண்ணன் நாலாவது ஜோடியோடு படியேறினார். எல்லோர் முகத்தையும் பார்த்தார். சம்பந்தியம்மாவின் காதைப் பார்த்தார். விஷயத்தை நான்தான் சொன்னேன்.

"எந்தப் பக்கம் ஆச்சி கோடு?" என்றார் என்னிடம். (எங்கள் பக்கம் சின்னப் பெண்ணையும் மரியாதைக்கு ஆச்சி என்றுதான் கூப்பிடுவார்கள்.)

"வலது பக்கம், மேல."

"நான் கொண்டாந்ததுல?"

"அதுலயும் அங்குட்டுத்தான்."

"எல்லாக் கல்லுலயும் ஒரே எடத்துலயா?" அவர் குரலை உயர்த்தவேயில்லை. "கல்லக் கொஞ்சம் திருப்புங்க ஆச்சி. கல்லுல கோடு இருந்தா அதுவும் கூடத் திரும்பணும். திரும்புதா?"

சம்பந்தியம்மாவிடம் கெஞ்சி வாங்கி, கல்லைத் திருப்பினேன். கோடு திரும்பவில்லை. இன்னும் திருப்பினேன். இருந்த இடத்திலேயே இருந்தது. அவர் பக்கத்தில் கிடந்த செய்தித்தாளை என் முன்னால் நகர்த்தினார். அதை லென்ஸில் பார்த்தேன். ஏதோ ஒரு மந்திரியின் நெற்றிக்குக் குறுக்கே, வலது பக்கம் மேலே, அதே கோடு.

வயிரவன் அண்ணன் என் லென்ஸை வாங்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். பிறகு என் துப்பட்டாவையும் அதில் மினுங்கிய கண்ணாடிச் சில்லுகளையும் பார்த்தார். "இதுலயா தொடைக்கிறீக?" என்றார். நான் தலையாட்டினேன்.

சம்பந்தியம்மாவின் தோட்டைத் தன் லென்ஸில் பார்த்துவிட்டு, "தண்ணி மாதிரி இருக்கு ஆச்சி" என்று கொடுத்தார். அந்த அம்மாள் அதை வாங்கி மாட்டிக்கொண்டார்.

"யோசிக்க ஒண்ணுமில்ல. கல்யாணம் கல்யாணந்தான்" என்றார் அவர். "ஆனா அந்தக் கண்ணாடியையும் சீர் சாமானோட வச்சு அனுப்பிருங்க. இனிமே அது இந்தப் புள்ள கையில இருக்கக்கூடாது."

சம்பந்தியம்மா போன பிறகு ஆத்தா பெட்டியைத் திறந்து தன் தோட்டை எடுத்து வந்தாள். "அண்ணன் கண்ணாடியில பாரு" என்றாள். பார்த்தேன். கோடு இல்லை. ஆனால் நடுக்கல்லில், எள்ளைக் கிள்ளிப் போட்ட மாதிரி ஒரு கரும்புள்ளி. முந்தின நாளிலிருந்து சோறு இறங்காமல் இருந்தவளிடம் இதை எந்த வாயால் சொல்வது?

"சுத்தமா இருக்கு ஆத்தா. ஒண்ணுமே இல்ல."

ஆத்தா என்னையே பார்த்தாள். "நடுக்கல்லுல ஒரு புள்ளி இருக்குமே. எங்க அப்பச்சி வாங்குன அன்னைக்கே காமிச்சாக. புள்ளி இருக்குத்தா, ஆனா இதுதான் உனக்கு எடுப்பா இருக்குன்னு சொல்லித்தான் வாங்குனாக. நீ கோடுன்னதும், அதை மட்டும் எங்கிட்ட மறைச்சுட்டாகளோன்னு நான் கெடந்து தவிச்சேன்." தோட்டின் திருகைத் திருகிக்கொண்டே சொன்னாள். "இல்லாத கோடு தெரியுது. இருக்குற புள்ளி தெரியல. நல்லாப் படிச்சே போ."

புள்ளி தெரிந்தது என்று அதற்கப்புறம் நான் சொல்லி யார் நம்பப் போகிறார்கள்?

அந்த லென்ஸ் இன்றும் பள்ளத்தூர் வீட்டுக் கண்ணாடி அலமாரியில், வெள்ளிச் சாமான்களுக்கு நடுவில் இருக்கிறது. வருகிறவர்களுக்கெல்லாம் கதையோடு காட்டுகிறார்கள். எனக்கும் கல்யாணமாகி ஆறு வருஷம் ஆகிறது. போன வருஷம் வீட்டுக்காரரோடு சண்டை போட்டுக்கொண்டு காரைக்குடிக்கு வந்து இறங்கினேன். அவருடைய குறைகளை ஒன்றுவிடாமல் அடுக்கினேன். கடைசிவரை பொறுமையாகக் கேட்ட ஆத்தா, "எந்தக் கண்ணாடியில பாத்தே?" என்றாள்.

"மாப்பிள்ளையக் கொஞ்சம் திருப்பிப் பாருத்தா. கோடு கூடத் திரும்புதான்னு" என்று உள்ளேயிருந்து அப்பச்சியின் குரல் வந்தது.

கோபத்தோடு அடுத்த பஸ்ஸிலேயே கிளம்பிவிட்டேன். பெங்களூர் போய் ஒரு வாரம் அவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கோடு திரும்பவில்லை.