அறுபதில் நிற்காத பெட்டி

மாதனூர் தாண்டியதும் ஷாஜினின் காரை முந்திக்கொண்டு போனது அவன் வேலை செய்கிற ஷூ கம்பெனியின் பஸ்தான். ஜன்னலோரம் இருந்தவர்கள் கை வேறு ஆட்டிவிட்டுப் போனார்கள். டர்போ கார் வைத்திருப்பவனுக்கு இதைவிட அவமானம் வேண்டுமா?

முன்சீட்டில் ஃபீபி இருந்தாள். பாகாயத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். பெண் பார்த்த அன்று ஒன்பது பெரியவர்களுக்கு நடுவே, காபியில் சர்க்கரை போதுமா என்று கேட்டதோடு அவர்கள் பேச்சு முடிந்துபோனது. இன்று ஏலகிரி மலைமேல் இரு வீட்டாரும் கூடுகிறார்கள். சம்மதமா இல்லையா என்று அங்கே சொல்வதாக அவள் அப்பாவிடம் சொல்லியிருந்தாள். துணைக்குப் பின்சீட்டில் அவளுடைய சித்தி சாரா.

பேசி ஜெயிக்கிற ஆளில்லை ஷாஜின். அதனால் காரை நம்பினான். போன வாரம்தான் ஸ்டியரிங் பக்கத்தில் பூஸ்ட் கன்ட்ரோலர் என்ற சின்னப் பெட்டியை மாட்டியிருந்தான். டர்போ இன்ஜினுக்குள் எவ்வளவு காற்றைத் திணிக்கலாம் என்பதை அதன் திருகு முடிவு செய்யும். எண் ஏறினால் வேகம் ஏறும். கம்பெனியில் சோல் அழுத்தும் மெஷின்களுக்குக் காற்றழுத்தம் வைப்பவன் அவன். அதுவும் காற்று, இதுவும் காற்று என்று தானே எல்லாம் செய்துகொண்டான். எண் அறுபது வைத்துத்தான் புறப்பட்டான்.

ஓரங்கட்டி பானெட்டைத் தூக்கினான். காற்றுக் குழாயில் கசிவு. பையில் சோல் ஒட்டுகிற சொல்யூஷன் இருந்தது. தாராளமாகத் தடவிவிட்டு வந்து உட்கார்ந்தால், பெட்டி நாற்பது காட்டியது.

"அறுபதுதானே வெச்சேன்?"

ஃபீபி சொல்யூஷன் வாடையில் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தாள். அவன் மறுபடி அறுபதாக்கினான். வாடை போக ஏசியை நிறுத்தி ஜன்னல்களை இறக்க வேண்டியதாயிற்று.

சூடேறினால் சொல்யூஷன் இளகும் என்பது கம்பெனியில் எல்லாருக்கும் தெரியும். ஆம்பூர் தாண்டியதும் ஷாஜினுக்கும் ஞாபகம் வந்தது. குழாய் டப்பென்று கழன்றது. மறுபடி பானெட், மறுபடி குழாய். கூடவே ஒயர்களில் ஏதோ லூசு என்று எல்லாவற்றையும் இறுக்கினான். வந்து பார்த்தால் பெட்டியில் இருபத்தைந்து. ஹார்னும் செத்துவிட்டது.

தபரேஸுக்குப் போன் போட்டான். பெட்டியை விற்றவன் அவன்தான்.

"நம்பர் தானா எறங்குதுன்னா இன்ஜின் பேஜாராவப் போவுதுன்னு அதுக்கே தெரிஞ்சிருக்கு, தோஸ்த். இனிமே ஏத்தாத, அப்படியே போய்டு."

அப்படியே போனான். பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளையும் கார் முனகிக்கொண்டே ஏறியது. ஹார்ன் இல்லாததால் ஒவ்வொரு வளைவிலும் சாரா சித்தி தலையை வெளியே நீட்டி, வண்டி வருது என்று கத்தினாள். ஸ்கூட்டர்கள் முந்தின. ஷாஜினுக்கு இனி காரில் செய்ய ஒன்றுமில்லை. ஆகவே, ஃபீபி கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னான். இடது கால் ஷூவை மட்டும் ஒரு நாள் முழுக்கத் தயாரித்த கதையைச் சொன்னான். அவள் வார்டில் டிஸ்சார்ஜ் ஆகமாட்டேன் என்று கட்டிலைப் பிடித்துக்கொண்ட தாத்தாவைப் பற்றிச் சொன்னாள். பத்தாவது வளைவில் இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். அவனுக்கு அவளை ரொம்பப் பிடித்துப்போயிற்று. இப்படிப்பட்டவளைப் போய் இந்த வண்டியில் ஏற்றினோமே என்று நொந்துகொண்டான்.

மேலே போய்ச் சேரும்போது இரண்டு மணி நேரம் தாமதம். பெரியவர்கள் சாப்பாட்டை முடித்துவிட்டு மரத்தடியில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தார்கள். ஃபீபி நேராக அப்பாவிடம் போனாள்.

ஷாஜின் காரைவிட்டு இறங்கவில்லை. எல்லாம் இந்த மறதி பிடித்த பெட்டியால் கெட்டது, அவளிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லிவிடுங்கள் என்றான் சித்தியிடம்.

சாரா சித்தி கட்டிப்போன தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"பொட்டி மேல பழி போடாதீங்க தம்பி. நீங்க பானெட்டத் தூக்குனப்பல்லாம் அவதான் நம்பர எறக்கி வெச்சா, மேல வந்துட்டா உங்ககூடப் பேச வுட மாட்டாங்கன்னு."