எதிர்க்கடை மீன்

“ரெண்டையும் ஒண்ணா விடாதீகன்னு எந்தம்பி படிச்சுப் படிச்சுச் சொன்னான்ல?” என்றாள் மலையம்மாள்.

அவள் புருஷன் கோட்டைச்சாமி கண்ணாடித் தொட்டிக்குள் ஒரு கரண்டியை விட்டு, கட்டிப் புரண்ட இரண்டு மீன்களை விலக்கிக்கொண்டிருந்தார். நீலம் சிவப்பின் வாலைப் பிடித்திருந்தது. சிவப்பு நீலத்தின் செவுளுக்குக் குறிவைத்தது.

“ஒண்ணா இருந்தா பார்வையா இருக்கும்னு நெனச்சேன்.”

“பார்வையாத்தான் இருக்கு.”

காரைக்குடிக் கடைவீதியில் எனாமல் பாத்திரம் விற்கிறவருக்கு மீனோடு என்ன வேலை என்றால், எல்லாம் எதிர்க்கடை ஜெகபர் சாதிக்கால் வந்தது. அத்தரும் குடையும் விற்கிற சாதிக், பினாங்கு போய்த் திரும்பும்போது சயாம் தேசத்துச் சண்டை மீன் ஒன்றைக் கொண்டுவந்தார். அதை ஒரு மிட்டாய்ச் சாடியில் விட்டு, நாலு பாசியையும் போட்டு, கடையின் முன்பலகையில் வைத்தார். ஆள்காட்டி விரல் நீளம்கூட இல்லாத மீன். முகம் பார்க்கிற கண்ணாடியை எதிரே காட்டினால் போதும், எதிரி வந்துவிட்டான் என்று செவுளை விரித்து, பட்டுச்சேலைக் கொசுவம் மாதிரித் துடுப்பை விசிறிக்கொண்டு நிற்கும்.

சாக்கோட்டையிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்து பார்த்தார்கள். பார்த்தவர்கள் சும்மா போகவில்லை. மழையே இல்லாத மாசியில் ஆளுக்கொரு குடை வாங்கிக்கொண்டு போனார்கள். கோட்டைச்சாமியின் கடைக்கு வந்து தூக்குச்சட்டிக்கு விலை பேசிக்கொண்டிருந்தவர்கள்கூட, சட்டியைக் கீழே வைத்துவிட்டு அங்குட்டுப் போனார்கள். அவருக்கு வயிறு எரிந்தது. மலையம்மாளே போய்ப் பார்த்துவிட்டு வந்து, “எம்புட்டு அழகுங்கிறீக” என்றபோது அந்த எரிச்சல் நெஞ்சுவரை ஏறியது.

இனிச் செத்தாலும் தெருவைத் தாண்டி அந்தக் கடைப்பக்கம் போவதில்லை என்று முடிவு செய்தார். பினாங்கில் ஒரு செட்டியாரின் வட்டிக்கடைக் கிட்டங்கியில் சமையல் செய்துகொண்டிருந்த மைத்துனன் பெரியகருப்பனுக்கு அன்றே கடுதாசி போட்டார். ‘எதிர்க்கடையில் சண்டை மீன் ஒன்று. நமக்கு இரண்டு வேண்டும்.’

விடுப்பில் வந்த பெரியகருப்பன் இரண்டு போத்தல்களில் இரண்டு மீன்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்தான். தனித்தனியாக வைக்க வேண்டும், ஊருணித் தண்ணீர், காய்ந்த வாதுமை இலை, நிழல், தீனிக்குக் கொசுப்புழு என்று அக்காளிடமும் அத்தானிடமும் ஒருமுறைக்கு இருமுறை சொல்லிவிட்டு, நேமத்தான்பட்டிக்கு மாமனார் வீட்டைப் பார்க்கப் போனான். அத்தானின் காதில் ‘இரண்டு’ என்பதற்குப் பிறகு எதுவும் ஏறவில்லை.

ஒருவழியாகக் கரண்டியில் சிவப்பு மீன் அகப்பட்டது. கோட்டைச்சாமி அதைக் கடைவாசலில் இருந்த ஒரு எனாமல் பேசினில் விட்டுவிட்டு நிமிர்ந்தார். அது ஒரே எம்பில் வெளியே வந்து தெருப்புழுதியில் விழுந்தது. அவர் குனிவதற்குள் ஒரு காக்கை கொத்திக்கொண்டு பறந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு செட்டியார் வீட்டு மதில்வரை காக்கையின் பின்னாலேயே ஓடினார். வெறுங்கையோடு திரும்பி வரும்போது சாதிக் கடையில் கொல்லென்று ஒரு சிரிப்பு. மிட்டாய்ச் சாடிக்குப் பின்னால் பத்துப் பேர் நின்றார்கள். பூக்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு பூக்காரி காளியாயியும் நின்றாள்.

“அப்படி என்னத்தக் காட்டிச் சிரிக்க வைக்கிறானோ” என்று பல்லைக் கடித்தார்.

நீல மீனும் குதித்துவிடக் கூடாதே என்று தொட்டி நிறையத் தண்ணீர் ஊற்றிக் கண்ணாடிப் பலகையால் இறுக்கி மூடினார். மேலே வந்து காற்றுக் குடிக்கிற சாதி மீன் அது. பலகையில் வாயை முட்டி முட்டித் தவித்தது.

“பசிக்குது” என்று பலகையை எடுத்து, பலகாரத் தட்டிலிருந்து கந்தரப்பத்தைப் பிட்டுப் போட்டார்.

மறுநாள் தண்ணீர் மோர் மாதிரி ஆகி, கடைக்கு வந்தவர்கள் மூக்கைப் பிடித்தார்கள். அத்தனையையும் கொட்டிவிட்டுக் கிணற்றிலிருந்து நாலு வாளி உப்புத் தண்ணீரை இறைத்து ஊற்றினார். மீன் ஒருக்களித்துப் படுத்துவிட்டது.

“குளுருது போல” என்று தொட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து வெயிலில் வைத்தார். மேலெல்லாம் தண்ணீர் சிந்தி, வழுக்கிவிட்டு, தூக்குச்சட்டி அடுக்கின் மேல் உட்கார்ந்தார். சட்டிகள் தெருவில் உருண்டு ஓடின. எதிரே மறுபடியும் சிரிப்பு.

கூட்டம் அங்கே நாளுக்கு நாள் கூடிக்கொண்டே வந்தது. சாதிக் ஒரு பெஞ்சு வாங்கிப் போட்டார். அடுத்த வாரம் கடை முன்னால் கீற்றுப் பந்தலே போட்டுவிட்டார்.

“ஒத்த மீனுக்குப் பந்தலா?” என்றார் கோட்டைச்சாமி.

“அவுகளப் பாக்காம நம்ம மீனப் பாருங்க. நெறமே போயிருச்சு” என்றாள் மலையம்மாள்.

நிறம் வர வேண்டுமே என்று ஆளுயர நிலைக்கண்ணாடியைத் தொட்டிக்கு எதிரே நிறுத்தினார். பாவம், அது காலையிலிருந்து மாலைவரை கண்ணாடியோடு சண்டை போட்டுக் களைத்து அடியில் போய்க் கிடந்தது. அவர் தரையில் குப்புறப் படுத்து, தொட்டியில் கன்னத்தை ஒட்டிவைத்துக்கொண்டு, “எந்திரிய்யா, ராசா, எம் மானத்தக் காப்பாத்து” என்று கெஞ்சினார். எதிரே பந்தலுக்கடியில் சிலர் பெஞ்சின் மேல் ஏறி நின்றார்கள்.

பிறகு சாக்கோட்டையில் ஒரு கல்யாணத்துக்காக மூன்று நாள் போக வேண்டியிருந்தது. மீனுக்கு அதுதான் நல்ல காலம். மலையம்மாள் தொட்டியைக் கடைக்குள் நிழலுக்கு நகர்த்தினாள். ஊருணித் தண்ணீரை முக்கால் தொட்டி ஊற்றி, காய்ந்த வாதுமை இலை இரண்டைப் போட்டாள். துவைகல் பள்ளத்திலிருந்து கொசுப்புழுவை அள்ளிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தாள். நிலைக்கண்ணாடியைத் துணி போட்டு மூடினாள்.

கோட்டைச்சாமி திரும்பி வந்தபோது, நீல மீன் மயில் கழுத்து நிறத்தில் மின்னிக்கொண்டு, தொட்டிக்குள் ராஜா மாதிரி உலாவியது.

“என்ன செஞ்ச?”

“எந்தம்பி சொன்னதச் செஞ்சேன்னு சொன்னா ஒங்களுக்குக் கோவம் வரும். சும்மா விட்டேன்னு வச்சுக்கிருங்க.”

அன்றிலிருந்து எதிர்க்கடையில் கூட்டம் குறைந்தது. நாலாம் நாள் பெஞ்சில் ஒருவருமில்லை. சாதிக் தனியாக உட்கார்ந்து குடைக்கம்பிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். கோட்டைச்சாமியின் இரண்டு மாத வயிற்றெரிச்சல் ஒரே நாளில் ஆறியது. தலைக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்து, மடிப்புக் கலையாத வேட்டி கட்டி, தொட்டியின் பக்கத்தில் நின்றுகொண்டார். எதிர்க்கூட்டம் இங்குட்டுத் திரும்புகிற நேரம் இதுதான்.

உச்சிப் பொழுது ஆயிற்று. யாரும் வரவில்லை. தொட்டியை எட்டிக்கூடப் பார்க்காமல் கடையைத் தாண்டிப் போன காளியாயியை அவரே கூப்பிட்டார்.

“ஏத்தா, இத்தன நாளா அந்தச் சாடிய வச்ச கண்ணு வாங்காமப் பாத்துக்கிட்டு நின்ட. இந்த மீனு அதவிட அழகா இல்லையா?”

காளியாயி பூக்கூடையை இறக்காமலே நின்றாள்.

“அந்தச் சாடி மீனு செத்தே மாசம் ஒண்ணாச்சுங்க. அங்குட்டு நின்டு நாங்க பாத்தது பூராம் ஒங்களத்தான்.”