மழைப்படியும் தேவாரத்துக் குப்பிகளும்

கம்பம் பள்ளத்தாக்கில் மழையில் நனைந்தவர்கள் உண்டு. மழைக்கு ஏங்கியவர்கள் உண்டு. மழையைத் திட்டியவர்களும் உண்டு. திராட்சை பழுக்கிற நேரத்தில் ஒரு தூறல் விழுந்தால் காமயகவுண்டன்பட்டிக்காரர்கள் வானத்தைப் பார்த்துப் பேசும் பேச்சை இந்தப் பத்திரிகையில் அச்சிட முடியாது. ஆனால் மழையைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி, கண்ணுக்கு நேராகத் தூக்கி, மூச்சை அடக்கிப் பார்த்து, "ரெண்டு புள்ளி நாலு" என்று பிள்ளைக்குப் பெயர் சூட்டுவதுபோல் சொன்ன மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான். அவர் மழைப்படி.

பெற்றவர்கள் வைத்த பெயர் நீளமானது. அதை என் டைப்ரைட்டரில் நூறு தடவையாவது அடித்திருப்பேன். ஆனால் நெல்லைப் படியால் அளப்பதுபோல மழையை அளக்கிறவர் என்று ஊர் வைத்த பெயர்தான் நின்றது.

எழுபதுகளின் நடுவில் உத்தமபாளையம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு மாடியில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் வைத்திருந்தேன். மெஷின் நாலு. மூன்று அடிப்பதற்கு, நாலாவது, பரீட்சையில் தோற்கிறவர்கள் பழி போடுவதற்கு. நான் படித்தது எட்டாம் வகுப்பு. என் இங்கிலீஷ் பிறர் எழுதியதை அடித்து அடித்து விரல் வழியாக ஏறியது.

வானத்தில் மருந்துக்குக்கூட மேகம் இல்லாத ஒரு நாள், கையில் குடையும் கக்கத்தில் காகிதக் கட்டுமாக ஒல்லியாக ஒருவர் மாடி ஏறி வந்தார்.

"தீசிஸ் அடிக்கணும்ண்ணே."

"அடிச்சிருவோம் தம்பி. குடை எதுக்கு?"

"பழக்கம்ண்ணே. அங்கன குடை இல்லாம வெளிய போனா, சட்டை இல்லாம போன மாதிரி."

அங்கன என்றால் இங்கிலாந்து. நம்ம பக்கத்துப் பிள்ளை, உபகாரச் சம்பளம் வாங்கி அங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தார். ஊசி போடும் டாக்டர் இல்லை, மழை டாக்டர். மொத்தம் மூன்று வருடம். நடு வருடம் மட்டும் இங்கே வந்து பள்ளத்தாக்கில் ஆறு இடத்தில் மழை அளக்க வேண்டும். மூன்றாம் வருடம் திரும்பிப் போய்ப் புத்தகமாக எழுதிக் கொடுத்துவிட வேண்டும். அதற்குள் கொடுக்காவிட்டால் பணமும் நிற்கும், பட்டமும் போகும்.

"மழை அங்கனதான் தெனமும் பெய்யிதாமே. அதை அளக்காம இங்கன எதுக்கு வந்தீக?" என்று கேட்டேன்.

"அங்கன மழை பெய்யும்ண்ணே, ஒருத்தரும் அண்ணாந்து பாக்கமாட்டாக. இங்கன பெய்யாது, ஊரே அண்ணாந்து பாக்கும். எதைப் படிக்கிறது நியாயம், நீங்களே சொல்லுங்க."

காகிதக் கட்டை வாங்கி மேஜையில் வைத்தேன்.

என் இன்ஸ்டிட்யூட்டுக்கு அடுத்த அறையில் குடியேறினார். இங்கிலாந்தையும் கூடவே கொண்டுவந்திருந்தார். சாயங்காலம் நாலு அடித்தால் மெஷின்கள் நிற்க வேண்டும், எல்லோரும் டீ குடிக்க வேண்டும், படிப்பைப் பற்றி யாரும் வாயைத் திறக்கக் கூடாது. அங்கே துறைத் தலைவர் முதல் கூட்டுகிறவர் வரை அப்படித்தானாம். பஸ் ஸ்டாண்டில் ஒற்றை ஆளாக வரிசையில் நிற்பார். கம்பம் பஸ் வரும், ஊரே ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிக்கும், இவர் நிற்பார், பஸ் போய்விடும். ஒரு நாள் கண்டக்டர் பொறுக்காமல் இறங்கி வந்தார்.

"ஏண்ணே, யாருக்குப் பின்னால நிக்கிறீக?"

"முன்னால ஒரு அம்மா நின்னாக."

"அந்தம்மா மூணு பஸ்ஸுக்கு முன்னாலயே போயிட்டாக. நீங்க ஏறுங்க."

டீ நேரத்தில் அவர் சொல்லும் கதைகளுக்காகவே என் மாணவர்கள் லோயர் பரீட்சை பாஸ் பண்ணிய பிறகும் வந்துகொண்டிருந்தார்கள். அங்கே குளிர்காலத்தில் நாலு மணிக்கே இருட்டிவிடுமாம். அறையில் குளிர் தாங்காமல் நூலகம் பூட்டுகிறவரை அங்கேயே உட்கார்ந்திருப்பாராம். ராத்திரி இரண்டு ஸ்வெட்டர் போட்டுப் படுத்து, காலையில் மூன்றாவதைப் போட்டு எழுந்திருப்பாராம். வீட்டுக்காரம்மா குளிப்பதற்கு வாரத்தில் இரண்டே நாள் ஒதுக்கியிருந்தார்.

"நம்ம வாய்க்கால்ல முறைத் தண்ணி விடுற மாதிரிண்ணே. செவ்வா, சனி என் முறை. விட்டாப் போச்சு."

"மத்த நாளு?"

"மத்த நாளு படிக்கிறது."

கூடப் படித்தவர்களின் கதை இதற்கும் மேலே. பக்கத்து அறைக்காரர் ஆறு வருடமாக ஒரு வண்டின் பின்னங்காலை ஆராய்ந்துகொண்டிருந்தாராம். "அப்ப முன்னங்காலு?" என்றேன். "அது வேற டிபார்ட்மென்டுண்ணே" என்றார், சிரிக்காமல்.

எல்லாவற்றுக்கும் மேல் அவருடைய பேராசிரியை. பதினைந்து நாளுக்கு ஒரு வியாழக்கிழமை அவர் அறைக் கதவைத் தட்ட வேண்டும். முப்பது பக்கம் எழுதிக் கொண்டுபோனால், முழுவதையும் படித்துவிட்டு ஓரத்தில் பென்சிலால் ஒரே ஒரு கேள்வி எழுதுவார். தமிழில் சொன்னால், 'எப்படித் தெரியும்?' அவ்வளவுதான். இங்கே வந்த பிறகும் நான் அடித்துக் கொடுத்த அத்தியாயங்கள் விமானத் தபாலில் போய், அதே பென்சிலோடு திரும்பி வந்தன. அந்தக் கேள்வி இவரையும் பிடித்துக்கொண்டது. டீக்கடைக்காரர் "பால் புதுசுண்ணே" என்றால், "எப்படித் தெரியும்?" என்பார். டீக்கடைக்காரர் மாட்டைக் கூட்டிவராத குறை.

இனி தேவாரத்துக்கு வருகிறேன். பதிகம் இல்லை, ஊர்.

ஆறு இடங்களில் ஐந்தில் படித்தவர்கள் பொறுப்பாளர்கள், நோட்டில் எழுதிவிடுவார்கள். ஆறாவது தேவாரத்தைத் தாண்டி மலையடிவாரத்தில் ராசாத்தியக்காவின் பருத்திக்காடு. ராசாத்தியக்காவுக்கு எழுத்து வாசனை கிடையாது. அதனால் அங்கே மட்டும் ஒரு ஏற்பாடு. தகரப் புனலுக்கு அடியில் மருந்துக் குப்பி ஒன்று இருக்கும். சனிக்கிழமை காலை எட்டரை மணி பஸ்ஸில் இவர் போவார், அக்கா அந்தக் குப்பியை எடுத்துத் தருவார், இவர் புதுக்குப்பி கொடுத்துவிட்டு வருவார். அளந்த தண்ணீரையும் கொட்டமாட்டார். எதையும் கொட்டாதே என்பது பேராசிரியையின் கட்டளை. மழைப்படியின் அறைச் சுவரோரம் குப்பிகள் தேதிச்சீட்டோடு பட்டாளம்போல் நின்றன.

மாசி வந்தது, பங்குனி வந்தது. ஐந்து இடத்தில் சொட்டு இல்லை. ஆறாவது இடத்தில் மட்டும் வாரம் தவறாமல் ஒரு விரல் கனத்துக்குத் தண்ணீர்!

மழைப்படி குதித்தார். கேரளத்துப் பக்கமிருந்து மலைமேடு தாண்டி வரும் மூடுபனி, விடிவதற்கு முன் யார் கண்ணிலும் படாமல் மலையடியில் மழையாக இறங்குகிறது. இதை உலகத்தில் எவரும் எழுதியதில்லை. நாலாவது அத்தியாயம் நாற்பது பக்கம். நான் நாலு கார்பன் வைத்து அடித்தேன். அடிக்கும்போது எனக்கே புல்லரித்தது. நம்ம தேவாரம் லண்டன்வரை போகப்போகிறது!

மூன்று வாரத்தில் கட்டு திரும்பி வந்தது. நாற்பதாம் பக்கத்து ஓரத்தில் பென்சில். 'எப்படித் தெரியும்?'

"எப்படித் தெரியுமா? கண்ணால பாத்தேன்னு எழுதப்போறேன்ண்ணே. நாளைக்குச் சனிக்கிழமை, நீங்களும் வாங்க, சாட்சிக்கு."

ஆறு மணி பஸ்ஸிலேயே போய்ப் பருத்திச் செடி மறைவில் குந்தினோம். குடையை விரிக்காதீர்கள் என்று நான் கெஞ்ச வேண்டியிருந்தது. பனியும் இல்லை, மழையும் இல்லை. முழங்கால் மரத்துப்போன நேரத்தில், ரோட்டில் எட்டரை மணி பஸ்ஸின் ஹாரன் கேட்டது. வீட்டிலிருந்து ராசாத்தியக்கா செம்போடு விறுவிறுவென்று வந்தார். குப்பியை வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார். 'ப்ச்' என்றார். செம்பைச் சாய்த்து ஒரு விரல் கனத்துக்கு ஊற்றினார். கொஞ்சம் யோசித்து, இன்னும் நாலு சொட்டு விட்டார்.

மழைப்படி எழுந்து நின்றார்.

"ஆத்தாடி! இங்கன என்ன செய்யிறீக ரெண்டு பேரும்?"

"அக்கா... என்ன ஊத்துனீக?"

"தண்ணிதான் தம்பி. வேற என்னத்த ஊத்த?"

"ஏன்க்கா?"

"ஏனா? சீமையில இருந்து வந்து, வேகாத வெயில்ல குப்பியக் குடுத்துட்டுப் போறீக. வெறுங்குப்பியவா திருப்பிக் குடுக்கிறது? பக்கத்து வீட்டுக் கிண்ணத்தக்கூட நாங்க வெறுசா குடுத்ததில்ல, ஒரு கை சீனியாவது போட்டுத்தான் குடுப்போம். மொத வாரம் வெறுங்குப்பியப் பாத்து உங்க மொகம் போன போக்க நான் பாத்தேன்ல?"

மழைப்படி கத்துவார் என்று நினைத்தேன். ஒரு வருடம், நாற்பது பக்கம், இங்கிலாந்து திரும்ப மூன்றே வாரம். மனிதர் வரப்பில் உட்கார்ந்தார். "மோரு குடிக்கிறீகளா தம்பி?" என்றார் அக்கா. "குடுங்கக்கா" என்றார். முழுச் செம்பையும் குடித்துவிட்டு, "நல்லாருக்கு" என்று வேறு சொன்னார்.

பஸ்ஸில் நான் மெதுவாக ஆரம்பித்தேன். "தம்பி, அந்தப் பேராசிரியை தேவாரத்துக்கு வரப்போறாகளா? பேசாம விட்டுருங்க."

"அவுக வரமாட்டாகண்ணே. ஆனா எப்படித் தெரியும்னு கேட்டாகள்ல? நான் என்ன சொல்றது?"

"அந்த எடத்தையே நீக்கிருவோம். அஞ்சு எடம் போதாதா?"

"மலையடி எடம் அது ஒண்ணுதான். அது இல்லாட்டி தீசிஸே இல்லண்ணே."

இரண்டு நாள் நாலு மணி டீ நடக்கவில்லை. மூன்றாம் நாள் காலை, பனியனோடு ஓடிவந்து என் மேஜையைத் தட்டினார்.

"அண்ணே! அவுக வீட்டு மோரு உப்பு போடாமலே கரிக்கும்ல?"

"ஆமா, அந்தக் கெணத்துத் தண்ணி அப்படி."

"மழைத் தண்ணி கரிக்காதுல்ல?"

மறுநாள் ராசாத்தியக்கா தேவாரம் பஸ்ஸில் வந்து இறங்கினார். நாலு டைப்ரைட்டரையும் தரையில் இறக்கி, மேஜை நீளத்துக்கு நாற்பத்தோரு குப்பிகளை வைத்தோம். அக்கா ஒவ்வொன்றிலும் விரலை நனைத்து நாக்கில் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

"எங்க கெணறு."

அடுத்தது. "எங்க கெணறு."

அடுத்தது. "இது வானத்துது."

நான் எழுதினேன். என் மாணவர்கள் கோயிலில் நிற்பதுபோல் நின்றார்கள். முப்பதாவது குப்பியில் அக்கா இரண்டு தடவை நாக்கை நீட்டினார். "இதுல நான் ஊத்துனதும் இருக்கு, வானம் ஊத்துனதும் இருக்கு. அன்னைக்கு நான் ஊத்திட்டு உள்ள போனேன், சடசடன்னு பிடிச்சிருச்சு."

மழைப்படி குப்பிகளைக் கல்லூரி ஆய்வுக்கூடத்துக்குத் தூக்கிக்கொண்டு போனார். உப்பு இருந்தால் பால்போல் வெளுக்கும் ஒரு மருந்தை, சீட்டை மறைத்துவிட்டு, ஒவ்வொன்றிலும் விட்டுப் பார்த்தார்களாம். அக்கா சொன்னதில் ஒன்றுகூடத் தப்பவில்லை. முப்பதாவது குப்பி பாதி வெளுத்ததாம். வந்து என் மேஜை விளிம்பில் உட்கார்ந்து சொன்னார். "நான் படிக்கிற எடத்துல இதுக்கு ஒரு பெரிய மெஷின் வச்சிருக்காகண்ணே. ரூம் அகலத்துக்கு இருக்கும்."

மாயமழை போனது. நாலாவது அத்தியாயம் ஒன்பது பக்கமாகச் சுருங்கியது. அதன் அடிக்குறிப்பில், குப்பிகளில் இருந்த கிணற்றுத் தண்ணீர் பொறுப்பாளர் அன்பினால் ஊற்றியது என்றும், அதைப் பிரித்துக் கொடுத்ததும் அவரே என்றும், அவர் பெயரோடு அடிக்கச் சொன்னார் மழைப்படி. அந்த வரியை அடிக்கும்போது மட்டும் எனக்கு ஒரு எழுத்துப் பிழைகூட வரவில்லை. அவர் இங்கிலாந்து போய் எழுதிய முதல் கடிதத்தில் பேராசிரியையின் பென்சில் பற்றித்தான் இருந்தது. அந்த அடிக்குறிப்புக்குப் பக்கத்தில் இந்தத் தடவை கேள்வி இல்லை. 'அந்த அம்மாவுக்கு என் வணக்கம்' என்று எழுதியிருந்தாராம்.

அடுத்த வருடம் அவர் டாக்டர் ஆனார். அங்கேயே வேலையும் ஆனது. ஒரு பொட்டலம் எனக்கு வந்தது. பிரித்தால், கம்பளிச் சாக்ஸ் ஒன்றுக்குள் நம்ம மருந்துக் குப்பி. சீட்டில் அவர் கையெழுத்து: 'ராசாத்தியக்காவுக்கு. வெறுங்குப்பி இல்லை. எங்க தெரு மழை.'

தேவாரத்துக்கு எடுத்துப்போனேன். அக்கா ஒரு சொட்டை நாக்கில் வைத்துக் கண்ணை மூடினார்.

"சப்புன்னு கெடக்கு. பாவம், இதக் குடிச்சுக்கிட்டா அந்தத் தம்பி அங்கன இருக்காக?"

எழுந்து போய்க் குப்பியைக் கழுவி, நிரப்பி, மூடியை இறுக்கி என் கையில் கொடுத்தார்.

சாக்ஸில் சுற்றி நானே தபாலில் போட்டேன். போடுவதற்கு முன் மூடியைத் திறந்து ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்புக் கரித்தது. சீட்டில் எதுவும் எழுதவில்லை. அவருக்குத் தெரிந்துவிடும்.