சித்தியின் கார் மேடு ஏறாது

அன்பும் மரியாதையும் கலந்த சித்திக்கு,

உங்கள் அக்கா மகன் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம். அங்கே நீங்கள் நலமா என்று கேட்பதுதான் முறை. கேட்கவில்லை. இன்று காலை போனில் நீங்கள் கத்திய கத்தலிலேயே உங்கள் நுரையீரல் அமோகமாக இருப்பது தெரிந்துவிட்டது. போனில் சொல்ல வேண்டியதை ஏன் எழுதுகிறேன் என்றால், போனில் நான் இரண்டாவது வாக்கியத்துக்குப் போவதற்குள் "முதல்ல மூச்சு விடு, அப்புறம் பேசு" என்று கணக்கு வகுப்பில் சொன்ன மாதிரியே சொல்வீர்கள். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது. அந்த ஒரு வசதிக்காகத்தான் பேனாவை எடுத்தேன்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய கார்களின் நெடுந்தூர ஓட்டத்திலிருந்து உங்கள் பெயரை வாபஸ் வாங்குங்கள். வெள்ளிக்கிழமை காலை ஓட்டக் குழுவின் பரிசோதகர் என் ஷெட்டுக்கு வருகிறார். தண்ணீர்த் தொட்டி மேட்டில் வண்டியை நிற்காமல் ஏற்றிக் காட்ட வேண்டும். பாதியில் நின்றால் அவர் உங்கள் பெயரை அடித்துவிட்டு, வரிசையில் காத்திருக்கும் அடுத்த வண்டிக்கு இடத்தைத் தூக்கிக் கொடுத்துவிடுவார். நம் வண்டி நிற்கும். தினமும் நிற்கிறது. அந்த அவமானத்தை ரோட்டில் நின்று அனுபவிப்பதைவிட நீங்களே கௌரவமாகச் சொல்லிவிடுவது மேல். ரிடையர் ஆன அன்று மேடையில் மாலையைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, "நான் கார் ஓட்டப் போறேன், ஆளை விடுங்க" என்று இறங்கி வந்தவர் நீங்கள், இந்த ஓட்டத்துக்காகவே இத்தனை நாள் காத்திருந்தவர், எல்லாம் எனக்குத் தெரியும். சக்கரம் மாற்றுவதில் என்னைவிட நீங்கள் வேகம், அதையும் மறுக்கவில்லை. ஆனால் ஆசைக்கெல்லாம் இஞ்சின் ஓடாது.

இது யாரால் என்று கேட்டால், சொல்கிறேன். உங்களால்.

ஒரு பழைய காரை மலையும் மணலும் தாண்டுகிற ஓட்டத்துக்குத் தயார் செய்வது என்றால் அதை அழகாக்குவது அல்ல, ஒவ்வொரு நட்டாகக் கழற்றிப் பார்த்து, வழியில் உடையப்போவதை இங்கேயே உடைய வைப்பது. இதை ஆரம்பத்திலேயே உங்களுக்குச் சொன்னேன். நன்றாகத் தலையாட்டினீர்கள். அடுத்த வாரமே, நான் ஃபேக்டரி வேலையாக வெளியூர் போன சமயம் பார்த்து, பெயிண்டரைக் கூட்டிவந்து வண்டியை உள்ளும் புறமும் ஜொலிக்க வைத்துவிட்டீர்கள். இந்த மாதிரிக் காரில் மின்சாரம் போவதற்குத்தான் ஒயர். திரும்பி வருவது காரின் உடம்பு வழியாக. ஒயர் நுனியைத் தகட்டோடு திருகிய இடத்தில் ஒரு சொட்டு பெயிண்ட் படக்கூடாது. உங்கள் பெயிண்டரோ ஒவ்வொரு திருகையும் கழற்றி, அடியில் மூன்று கோட் அடித்து, மறுபடி அதே இடத்தில் பக்தியோடு மாட்டியிருக்கிறார். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டதற்கு, "உள்ள யாரு பாக்கப் போறான்னு விடுற ஆளு நான் இல்ல தம்பி" என்று நெஞ்சை நிமிர்த்தினார். திரும்பி வர வழியில்லாத மின்சாரம் கண்ட கண்ட பல்பு வழியாகவெல்லாம் நுழைந்து வெளியே வரப் பார்த்தது. பிரேக்கை மிதித்தால் இரண்டு பக்க இண்டிகேட்டரும் எரிந்தன. ஹெட்லைட் போட்டால் பெட்ரோல் முள் ஆட ஆரம்பித்தது. உங்களுக்குக் காட்டியபோது என்ன சொன்னீர்கள் என்று ஞாபகம் இருக்கிறதா?

"நல்லதுதானேடா? ரெண்டு பக்கமும் திரும்புறேன்னு சொன்னா ஒருத்தனும் பக்கத்துல வர மாட்டான்."

நான் ஒரு வாரம் உப்புத்தாளும் கையுமாக ஒவ்வொரு திருகின் அடியிலும் அந்த அழகைச் சுரண்டினேன். நீங்கள் ஸ்டூலில் உட்கார்ந்து, "பாத்துடா, வெளிப்பக்கம் கீறல் விழப்போகுது" என்று மேற்பார்வை பார்த்தீர்கள்.

சரி, அதை விடுங்கள். எடை. கற்பாதையில் ஸ்பிரிங் முறிவதற்கு முதல் காரணம் எடை என்று நான் தலைபாடாக அடித்துக்கொண்டு, வேண்டாத தகடு, வேண்டாத பலகை எல்லாவற்றையும் கழற்றி வீசினால், ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வந்து கழற்றியதற்கு இரண்டு மடங்கு உள்ளே ஏற்றிவிட்டுப் போகிறீர்கள். மடக்கு நாற்காலி. மருந்துப் பெட்டி என்ற பெயரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. இஸ்திரிப் பெட்டி. "இஸ்திரிப் பெட்டி எதுக்கு சித்தி?" என்று பொறுமையாகத்தான் கேட்டேன். "முடியுற இடத்துல போட்டோ எடுப்பாங்கடா, கசங்கின துணியோடவா நிக்கிறது?" முடிகிற இடம்! முதலில் மேடு ஏறட்டும்.

இனி மேட்டுக்கு வருகிறேன். வழியில் பெட்ரோல் கிடைக்காத தூரங்களுக்காக டிக்கியில் இரண்டாவது டாங்க் ஒன்று பொருத்தினேன். ஒரு டாங்கிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற, பக்கத்து சீட்டின் காலடியில் ஒரு டேப். மேலே திருப்பினால் பழைய டாங்க், கீழே திருப்பினால் புது டாங்க், நடுவில் விட்டால் இரண்டும் மூடிக்கொள்ளும். கச்சிதமான வேலை. அந்த வண்டியிலேயே உருப்படியாக இருப்பது அது ஒன்றுதான், ஏனென்றால் அதில் உங்கள் கை படவில்லை. அன்றிலிருந்து தினமும் மாலை சோதனை ஓட்டம். ஷெட்டில் ராஜா மாதிரி ஓடுகிற இஞ்சின், மேட்டில் பாதி ஏறியதும் இருமும், விக்கும், நின்றுவிடும். நான் இறங்கி பானெட்டைத் திறந்து மண்டையை உடைத்துக்கொண்டு, ஒன்றும் புரியாமல் வந்து சாவியைத் திருகினால், கொஞ்சம் முக்கிவிட்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்பும். பெட்ரோல் பம்ப்பை மாற்றினேன். ஃபில்டரை மாற்றினேன். கார்புரேட்டரை அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றிக் கழுவினேன். சூட்டில் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகிறது என்று முடிவு கட்டி, குழாய் முழுக்க வெப்பத்தடுப்புத் துணி சுற்றினேன். மறுநாள் மழை, ஊரே குளிரில் நடுங்குகிறது. அப்போதும் அதே இடத்தில் நின்றது. படித்த படிப்பில் இதற்குப் பதில் இல்லை. ஆகவே உங்கள் சாமான்களின் எடையும் உங்கள் பெயிண்டரின் கைவரிசையும் சேர்ந்து செய்கிற வேலை இது என்பது என் முடிவு.

இத்தனையிலும் உங்கள் வீட்டில் மனிதர் என்று சொல்ல ஒருத்தர் இருக்கிறார் என்றால் அது சித்தப்பாதான். ஒரு நாள் தவறாமல் ஃப்ளாஸ்க்கில் டீயோடு வருகிறார். வழி சொல்பவர் அவர்தான் என்று நீங்கள் முடிவு செய்துவிட்டதால், சோதனை ஓட்டத்திலும் வரைபடத்தை மடியில் விரித்துக்கொண்டு பக்கத்து சீட்டில் உட்காருகிறார். வளைந்த ரோட்டில் வரைபடத்தைப் பார்த்தால் அவருக்குக் குமட்டுகிறது. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, "அடுத்து இடது" என்கிறார். அதுவும் பெரும்பாலும் வலதாக இருக்கிறது. சாப்பிட்டு முடித்த மனிதரை உட்கார வைத்து வரைபடப் பாடம் எடுத்து, தப்பாகச் சொன்னால் "போச்சு, இப்ப நாம பள்ளத்துல கிடக்கோம்" என்கிறீர்களாமே? இருந்தும் உங்களைப் பற்றி ஒரு வார்த்தை குறை சொல்வதில்லை. வண்டி நிற்கும்போதெல்லாம் என்மேலும் கோபப்படுவதில்லை. "பாவம், அதுக்கு முடியல போல தம்பி. வயசாச்சுல்ல? இவ்வளவு தூரம் போகச் சொன்னா அது என்ன பண்ணும்?" என்று காருக்காகப் பரிந்து பேசுகிறார். அந்தப் பொறுமையில் கால்வாசி உங்களிடம் இருந்திருந்தால் இந்தக் கடிதமே தேவையில்லை.

கடைசியாக இன்று காலை. மேடு ஏறவில்லை என்று நான் சொன்னதும் நீங்கள் சொன்ன பதில்: "கணக்கு வரலன்னா கேள்வித்தாளைத் திட்டுற பசங்க எத்தனை பேரைப் பாத்திருக்கேன் தெரியுமாடா?"

இது போதும் சித்தி. லீவு போட்டு, விரலை நசுக்கிக்கொண்டு, தலைமுடி முழுக்க கிரீஸோடு ஃபேக்டரிக்குப் போய் எல்லோரிடமும் கிண்டல் வாங்கியவனுக்கு இந்தப் பட்டம் போதும். இனி அந்தக் காரில் ஸ்பேனர் வைக்க மாட்டேன். சாவி ஷெட் ஜன்னல் கம்பியில் தொங்குகிறது. வாபஸ் வாங்கிவிட்டு, இழுத்துக்கொண்டு போக ஆள் அனுப்புங்கள்.

வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்லவும். நீங்களும் சித்தப்பாவும் எல்லா வளமும் பெற்று, நீண்ட காலம், வீட்டிலேயே, சௌக்கியமாக இருக்க வேண்டும் என்பதே என் விருப்பம்.

இப்படிக்கு,
கோபம் ஒரு துளியும் குறையாத,
உங்கள் அக்கா மகன்
(முன்னாள் மெக்கானிக்)

பின்குறிப்பு: வாபஸ் வாங்க வேண்டாம்.

கடிதத்தை உறையில் போடும்போது, ஆதாரம் இல்லாமல் எதையும் நம்புகிறவர் இல்லையே நீங்கள் என்று தோன்றியது. வண்டி நிற்பதைப் படம் பிடித்து அனுப்பிவிடலாம் என்று எடுத்துக்கொண்டு போனேன். சித்தப்பாவை மேட்டடியில் இறக்கி, கையில் போனைக் கொடுத்துவிட்டு, முதல்முறையாக நான் மட்டும் தனியாக ஏறினேன். ஏறியது. நம்பாமல் இறங்கி வந்து மறுபடி ஏறினேன். வெண்ணெய் மாதிரி ஏறியது. கீழே வந்து பார்த்தால் சித்தப்பா படமே பிடிக்கவில்லை. ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்திருந்தார்.

"கோபப்படாத தம்பி," என்றார். "பாதி மேட்டுல நான்தான் காலால டேப்பை நடுவுக்குத் தள்ளிடுவேன்."

அந்த டேப்பை மட்டும் நான் சந்தேகப்படவே இல்லை. நான் பொருத்தியது ஆயிற்றே.

"வர முடியாதுன்னு சித்திகிட்ட வாயைத் திறந்து சொல்ல வேண்டியதுதானே சித்தப்பா?"

"நான் முடியலன்னு சொன்னா, முயற்சி பண்ணலன்னு சொல்லுவா. கார் முடியலன்னு சொன்னா கேப்பா."

"அப்ப சித்தியும்தானே போக முடியாது?"

"அதான் தம்பி. மூடினதும் அவ முகம் ஞாபகம் வந்துடும். நீ இறங்கி பானெட்டைத் திறக்குறதுக்குள்ள மறுபடி திறந்து விட்டுடுவேன்."

ஆகவே மேலே உங்களைத் திட்டியதையெல்லாம் அடித்துவிட்டுப் படிக்கவும். பெயிண்ட் பற்றி எழுதியது மட்டும் அப்படியே இருக்கட்டும், அது நியாயம். சித்தப்பாவைப் பற்றிப் பெருமையாக எழுதியதை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. உங்கள் இஷ்டம்.

சித்தியிடம் சொல்லிவிடாதே என்று கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டார். சொல்ல மாட்டேன் என்றேன். வாயைத் திறக்கப் போவதும் இல்லை. எழுதியாயிற்று, அவ்வளவுதான். கடிதத்தை அவரே எடுத்துக்கொண்டு வருகிறார். அதில் உங்களைத் திட்டியிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, "பாவம், எதுக்கு இப்ப இதெல்லாம்" என்று முணுமுணுத்துக்கொண்டே ஷெட் வாசலில் காத்திருக்கிறார். நீங்கள் இந்த வரியைப் படிக்கும்போது எதிரில்தான் நின்றுகொண்டிருப்பார். முதலில் உட்காரச் சொல்லுங்கள்.

பக்கத்து சீட்டுக்கு வேறு ஆள் வேண்டும் என்றால் நான் வருகிறேன். இன்னும் கொஞ்சம் லீவு கேட்டால் ஃபேக்டரியில் கத்துவார்கள், கத்தட்டும். ஆனால் அதற்கு முன்னால், வருகிறீர்களா என்று அவரை ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். இதுவரை யாரும் கேட்கவே இல்லையாம். நானும்தான் கேட்கவில்லை.