இடுப்புப் பிடிப்பும் நடுத்திட்டும்

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் படுத்த படுக்கையாகிவிடுவது என்று சங்கரபாண்டி முடிவு செய்துவிட்டார். உடம்பு கல்லுக்குண்டாகத்தான் இருந்தது. அதுதான் பிரச்சினையே.

ஊருக்கு வெளியே குளத்து நடுத்திட்டில் நத்தைக்குத்தி நாரைகள் குஞ்சு பொரித்திருந்தன. அந்த ஞாயிறு காலையில்தான் குஞ்சுகளின் காலில் நம்பர் போட்ட வளையம் மாட்டப்போகிறார்கள். பிறகு எந்தச் சீமைக்குப் பறந்தாலும் நம்ம தென்காசிப் பிள்ளை என்று தெரிந்துவிடும்! வேலையை நடத்துகிற அனுசியா டீச்சர் தோணியில் இவருக்கும் ஒரு இடம் போட்டிருந்தார். நாரைக்குஞ்சைக் கையில் பிடிக்கப் போகிற சந்தோஷத்தில் மனுஷனுக்குச் சோறு இறங்கவில்லை.

ஆனால் சாரல் தொடங்கிவிட்டதே! குற்றாலத்தில் தண்ணீர் விழுந்தால் தென்காசிக்காரன் வீட்டில் சொந்தக்காரர்கள் விழுவார்கள். திருவேங்கடத்திலிருந்து போலீஸ்கார மச்சினன் லிங்கேஸ்வரன் வேன் நிறையக் குடும்பத்தோடு வந்து இறங்கிவிட்டான். அதே ஞாயிற்றுக்கிழமை அருவிக்குக் கூட்டிப்போக வேண்டியது அத்தானின் கடமை.

"ஐயோ, அம்மா!" கட்டிலில் அலறினார் சங்கரபாண்டி. பைனாகுலர் இடுப்புக்கடியில், போர்வைக்குள் பத்திரமாக இருந்தது.

மனைவி ஜெயபிரியா ஓடி வந்தாள். "என்னங்க, என்ன செய்யுது?"

"இடுப்பு பிடிச்சிக்கிட்டு பிரியா. அசைய முடியல. நீங்கள்லாம் அருவிக்குப் போயிட்டு வாங்க. நான் இங்கனயே கெடக்கேன்."

"அட பாவமே!" என்று இடுப்பைத் தடவினாள். கை நின்றது. "இதென்ன, கட்டியா என்னமோ தட்டுப்படுது?"

"அதான்... அதான் பிடிப்பு!"

"இம்புட்டு பெரிசாவா? ரெண்டு குழாய் மாதிரில்லா இருக்கு!"

"நரம்பு ரெண்டும் முறுக்கிக்கிட்டு."

ஜெயபிரியா கொஞ்சம் யோசித்தாள். நம்பிவிட்டாள்! சங்கரபாண்டியின் மனசு அப்போதே குளத்துக்கு மேலே வட்டமடித்தது.

"ஏலே லிங்கா! அத்தானைத் தூக்குலே!"

"எ... எங்கன?" என்று பதறினார் சங்கரபாண்டி.

"குத்தாலத்துக்குத்தான். ஊரு உலகமெல்லாம் இடுப்பு வலிக்கு அங்கனதான போகுது! மாலிஷ்காரர்ட்ட எண்ணெய் போட்டு உருவிட்டா நரம்பு ரெண்டும் பிரிஞ்சிரும். நான் வரல, எனக்கு இங்கன சோலி கெடக்கு."

"பிரியா, எனக்குச் சரியாயிட்டு!"

"வலியில பெனாத்துதாரு. தூக்குலே!"

போலீஸ் பிடி. போர்வை, பைனாகுலர், போன் எல்லாம் கட்டிலிலேயே தங்கிவிட்டன.

ஐந்தருவி போகிற வழியில் மாலிஷ்காரர் இசக்கியப்பன் அவர் காலை மடக்கினார், கையை முறுக்கினார், கடைசியில் முதுகிலேயே ஏறி உட்கார்ந்தார். நன்றாக இருந்த இடுப்பு மளுக்கென்று நிஜமாகவே பிடித்துக்கொண்டது.

அந்த நேரம் பார்த்து லிங்கேஸ்வரன் தன் போனை அவர் மூக்குக்கு நேரே நீட்டினான். "அத்தான், அக்கா படம் அனுப்பியிருக்கா!"

நடுத்திட்டு. பக்கத்தில் அனுசியா டீச்சர். நடுவில், இவருடைய பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, வளையம் போட்ட நாரைக்குஞ்சைக் கையில் பிடித்தபடி, வாயெல்லாம் பல்லாக ஜெயபிரியா. கூடவே அவள் குரலும் வந்திருந்தது.

"டீச்சர் உங்க போனுக்குக் கூப்பிட்டாங்க. எடம் வீணாப் போகக்கூடாதுன்னு நானே ஓடி வந்துட்டேன். ஐயோ, குஞ்சு என்னா அழகு தெரியுமா! என்னங்க, அடுத்த வருசமும் மறக்காம இடுப்பு பிடிச்சிருங்க."